ஜாக்கெட் போட்ட சங்க காலம்

ஸ்டேஷனரிக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு படத்தாள் விற்கிறார்கள். ‘காலந்தோறும் ஆடை அணிகலன்கள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ஐந்து கட்டம்: சங்க காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஆங்கிலேயர் காலம், இன்று. கத்தரித்து, சார்ட்டில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக் கொண்டுபோனால் பத்து மதிப்பெண். ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகளுக்கு இந்த விஷயம் இரவு ஒன்பதரைக்குத்தான் ஞாபகம் வந்தது. எல்லா வீட்டிலும் புராஜெக்ட் பிறக்கிற முகூர்த்தம் அதுதான்.

பசை டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். சங்க காலத் தலைவி ஜாக்கெட் போட்டிருந்தாள். சும்மா ஜாக்கெட் இல்லை. முழங்கை வரை கை, ஓரத்தில் ஜரிகை, கழுத்தில் அளவெடுத்த வளைவு. பக்கத்துத் தெரு லேடீஸ் டெய்லர் காலயந்திரத்தில் ஏறிப் போய்த் தைத்துக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. சோழர் கட்டத்தில் மகாராணி. அவளுக்கும் ஜாக்கெட், கூடுதலாகப் பஃப் கை.

சோழப் பேரரசி செம்பியன் மாதேவியின் சாயல் என்று அறிஞர்கள் கருதுகிற செப்புத் திருமேனி ஒன்று இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மேலே ஆபரணம் உண்டு, துணி இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் அதில் ராணிக்கும் வெட்கமில்லை, வார்த்த சிற்பிக்கும் வெட்கமில்லை. வெட்கப்படுவதெல்லாம் பத்து ரூபாய்ப் படத்தாள் அச்சடிப்பவர்தான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உண்மையான படத்தைப் போட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தில் வாங்குவார்கள்?

நான் நின்றதற்குக் காரணம் அந்த ஜாக்கெட் இல்லை. நாயக்கர் கட்டத்துக்கும் ஆங்கிலேயர் கட்டத்துக்கும் நடுவில், கத்தரிக்கோல் போகிற கோட்டில், எங்கள் ஊர் முழுசாகக் காணாமல் போயிருந்தது.

எங்கள் ஊர் நாகர்கோவில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். அந்த ராஜ்யத்தில் உடை என்பது தையல்காரன் சமாசாரமே அல்ல, திவான் சமாசாரம். சாமிக்கு முன்னால் நம்பூதிரி மேலைத் திறக்க வேண்டும். நம்பூதிரிக்கு முன்னால் நாயர் திறக்க வேண்டும். நாயருக்கு முன்னால் நாடார். இப்படியே கீழே கீழே இறங்குகிற படிக்கட்டு. கடைசிப் படியில் நின்ற புலையருக்கும் பறையருக்கும் யார் முன்னால் மூடிக்கொள்ளலாம் என்ற குழப்பமே கிடையாது. கண்ணில் படுகிறவன் எல்லாம் மேல்படிக்காரன்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராணிக்கு ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்த வெற்றுமேனி, இங்கே தண்டனையாக மாறியது எப்படி? மறைப்பது மானம் என்பதால் இல்லை. மறைப்பது பதவி என்று ஆக்கினார்கள். பதவி என்று ஒன்று வந்துவிட்டால் அது இல்லாத ஆள் நாலு பேர் வேண்டுமே! பல்லக்கு என்றால் தூக்க ஆள் வேண்டும். தோள்சீலை என்றால் அது இல்லாத தோள் வேண்டும்.

1813. திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருக்கிறார். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலை மறைத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு போட்டார். அரண்மனை ஆலோசகர்கள் பதறிப் போனார்கள். எல்லாரும் மூடிக்கொண்டால் எவள் என்ன சாதி என்று கண்டுபிடிப்பது எப்படி, நாடு குட்டிச்சுவராகிவிடாதா என்று. நியாயமான கவலை. ஆதார் அட்டை இல்லாத காலம். அடையாளத்துக்கு உடம்பைத்தான் காட்டியாக வேண்டும். உத்தரவு வாபஸ். சமரசமாக, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளா முஸ்லிம் பெண்களும் போடுகிற குப்பாயம் என்ற ரவிக்கையை வேண்டுமானால் இவர்களும் போட்டுக்கொள்ளட்டும், மேல்சாதிப் பெண்கள் போடுகிற தோள்சீலை மட்டும் கூடாது என்றார்கள்.

அங்கே தொடங்கியது. 1820களில் கல்குளம், இரணியல் பக்கம் சந்தைக்குப் போன பெண்களின் தோளிலிருந்து துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் ஜெபக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. கிழித்தவனைப் பிடிக்கச் சொல்லி இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது, பழைய வழக்கத்தை மீறாதே என்று பெண்களுக்குத்தான் புத்தி சொன்னது. அரசாங்கங்களுக்கு இந்தக் குணம் இன்னும் போகவில்லை. உடையைக் கிழித்தவனை விட்டுவிட்டு, கிழிபட்டவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று விசாரிக்கிற நேர்த்தி, பரம்பரை பரம்பரையாக வந்த சொத்து.

1858 கடைசியில் மறுபடி பற்றி எரிந்தது. சந்தை, தெரு, வீடு என்று வித்தியாசம் இல்லாமல் புகுந்து அடித்தார்கள். சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெல்யன் முகம் சுளித்துக் கடிதம் எழுத வேண்டி வந்தது. மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, திவான் டி. மாதவ ராவ், ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன் எல்லாருமாகக் கூடி யோசித்தார்கள். 1859 ஜூலை 26 அன்று பிரகடனம் வந்தது. அதன் சாரம் இது: நாடார் பெண்கள், கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். மீனவச் சாதி முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மேலை மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

இதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். ஒரு ராஜா, ஒரு திவான், ஒரு ஜெனரல், ஒரு கவர்னர், அவர்களுக்குப் பின்னால் கம்பெனியிடமிருந்து அப்போதுதான் நாட்டை வாங்கிக்கொண்ட பிரிட்டிஷ் மகாராணி. இத்தனை பேரும் சேர்ந்து ஒரு பிளவுஸுக்கு டிசைன் போட்டிருக்கிறார்கள். துணி முரடாக இருக்க வேண்டும், முடிச்சு வேறு மாதிரி இருக்க வேண்டும், பார்த்த மாத்திரத்தில் ‘இது அது இல்லை’ என்று தெரிய வேண்டும். 1813க்கும் 1859க்கும் இடையே 46 வருஷம். கல்யாண சீசனில் எங்கள் டெய்லர் ஒரு வாரம் இழுத்தடிக்கிறார் என்று என் மனைவி சண்டைக்குப் போகிறாள். ஒரு முழத் துணியை 46 வருஷம் இழுத்தடித்துவிட்டு, அதையும் அளவு குறைத்துக் கொடுத்தவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் சிலை இருக்கிறது.

அதே மண்ணில் இன்னொருவர் இருந்தார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதவர்களைப் பார்த்து, கட்டிக்கொண்டு வா, சாமி கும்பிட வரும்போதே கட்டிக்கொண்டு வா என்றார். கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. தலைப்பாகையோடு நிற்கிற உன்னை நீயே பார்த்துக்கொள். சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. இன்றும் அந்தப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். பத்து ரூபாய்ப் படத்தாளில் தலைப்பாகை உண்டு, மராட்டியத் தலைப்பாகை, மைசூர்த் தலைப்பாகை எல்லாம் உண்டு. இது இல்லை.

“அப்பா, மணி பத்தரை. நீங்க ஒட்டுறீங்களா, இல்ல படிக்கிறீங்களா?” என்றாள் மகள். “ஒரு கட்டம் குறையுது மக்ளே” என்றேன்.

அணிகலன் என்று வேறு தலைப்பில் போட்டிருக்கிறார்களே. காசுமாலை, ஒட்டியாணம், மாங்காய் மாலை எல்லாம் வண்ணத்தில் இருக்கின்றன. கல்லுமாலை இல்லை. திருவிதாங்கூரில் புலையப் பெண்கள் தங்கமோ வெள்ளியோ போடக் கூடாது; கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலை போட வேண்டும். ஆபரணம் மாதிரி இருக்கும், வேலை மாட்டுக்குக் கட்டின மணியுடையது. அய்யன்காளி 1893இல் நல்ல வேட்டியும் மேல்துணியும் தலைப்பாகையும் அணிந்து வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனவர். உடுத்தியதே குற்றம், வண்டி ஏறியது இரண்டாம் குற்றம். 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அவர் மூட்டிய போராட்டத்தில் பெண்கள் கல்லுமாலையை அறுத்து எறிந்தார்கள். அந்த வருஷம் நகைக்கடை விளம்பரக்காரர்கள் இருந்திருந்தால் அதற்கும் ‘பாரம்பரியக் கலெக்‌ஷன்’ என்று பெயர் வைத்துச் சேதாரம் இல்லாமல் விற்றிருப்பார்கள்.

மலையாள ராஜ்யத்தில்தான் இந்தக் கூத்து, நம் பக்கம் இல்லை என்று யாராவது நெஞ்சை நிமிர்த்துவதற்குள் கிழக்கே ஓர் எட்டு போய்விட்டு வரலாம்.

1921 செப்டம்பர் 22, மதுரை மேல மாசி வீதி. காந்தி சட்டையையும் குல்லாயையும் துறந்து நாலு முழத் துண்டுக்கு மாறிய காலை. நாட்டில் பாதிப் பேருக்கு உடுத்தத் துணி இல்லாதபோது எனக்கெதற்கு என்று. பெரிய மனசு, சந்தேகமில்லை. அந்த வீட்டில் இன்று கதர்க் கடை, அவர் புது உடையில் முதலில் தோன்றிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பேர், எங்கள் படத்தாளிலும் ஆங்கிலேயர் கட்டத்தில் அவர் உண்டு. இனி அங்கிருந்து சில மணி நேரப் பயணம், ஒன்பது வருஷத் தூரம் போனால் ராமநாதபுரம் சீமை. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் தன் புத்தகத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. தங்கம் வெள்ளி கூடாது. பெண்கள் மேலை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளும் தானியக் குதிர்களும் அழிந்தன.

சட்டையைத் தானாகக் கழற்றியவர் மகாத்மா. சட்டை போட ஆசைப்பட்டவன் குடிசை சாம்பல். முன்னவர் கழற்றிய நாளைக் கொண்டாடுகிறோம், பின்னவன் போட்ட நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. அம்பேத்கர் ஏன் கோட்டும் டையுமாக இருந்தார், ஏழை நாட்டுத் தலைவருக்கு ஏன் அந்தப் பகட்டு என்று கேட்கிற அறிவாளிகள் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களுக்குப் பதில் தெருமுக்கில் நிற்கிறது: நீலக் கோட்டுப் போட்ட சிலை, நாலு பக்கமும் இரும்புக் கூண்டு. தமிழ்நாட்டில் உடைக்காகக் காவல் வைக்கப்பட்டிருப்பது நகைக்கடைக்கு அடுத்தபடியாக அந்தக் கோட்டுக்குத்தான்.

ராமநாதபுரத்தில் அடுத்த வருஷமே, 1931இல், எட்டுக் கட்டளை பதினொன்றாக வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வர வேண்டியிருக்கும்.

தோளில் துண்டு போட்டு நாகஸ்வரம் வாசிக்கக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் பேசிய கல்யாண வீடுகள் இருந்தன. வேர்வையைத் துடைக்கிற துணி எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பதில் அத்தனை அக்கறை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக மேடை ஏறிய பிறகு வாயை மூடிக்கொண்டு தோடியைக் கேட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை அல்லவா என்பீர்கள். 2012 டிசம்பரில், தருமபுரியில் தலித் மக்களின் நத்தம் காலனி எரிக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆறாத சமயம், தமிழ்நாட்டின் கட்சித் தலைவர் ஒருவர் குற்றவாளிகளைக் கண்டுபிடித்து அறிவித்தார்: ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ். இவற்றைப் போட்டுக்கொண்டு தலித் பையன்கள் எங்கள் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 1930இல் சட்டை, 2012இல் டி-ஷர்ட். குடை போய்க் கூலிங் கிளாஸ் வந்திருக்கிறது. துணிதான் மாறியது, அளவு நாடா அதேதான். அவர் சொன்ன கணக்குப்படி, முந்நூறு ரூபாய்க்கு நடைபாதையில் வாங்கிய ஒரு ஜீன்ஸ் பேண்ட் ஒரு சமூகத்தின் மானத்தையே கவிழ்த்துவிடும் என்றால், அந்த மானத்தை எந்தக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அரசாங்கம் உடை விஷயத்தில் அசையாது என்று சொன்னால் அநியாயம். 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆகியும் அவன் எழுதிவைத்த விதியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற இடம் அது. தமிழகம் கொதித்தது. ஆகஸ்டில் சட்டசபையில் சட்டமே வந்துவிட்டது: வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கை தட்ட வேண்டிய சட்டம்தான், நானும் தட்டினேன். ஆனால் வேகத்தைப் பாருங்கள். நீதிபதி வேட்டிக்கு ஒரு மாதம். மடித்துக் கட்டிய வேட்டியை மேலத்தெருக்காரரைக் கண்டதும் இறக்கிவிட வேண்டும், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நடந்தவனுக்கும் சட்டம் இருக்கிறது, 1989லிருந்து இருக்கிறது. கிளப் வாசலில் மறித்தால் சட்டசபை கூடும். தெருமுனையில் மறித்தால் பஞ்சாயத்து கூடும். கூடி, அடிபட்டவனையே சமாதானமாகப் போகச் சொல்லும்.

2019இல் தலைமைச் செயலகத்தில் இன்னோர் ஆணை. பெண் ஊழியர்கள் சேலை உடுத்தலாம், சல்வார் கமீஸோ சுடிதாரோ போட்டால் துப்பட்டா வேண்டும், அலுவலகத்தின் கண்ணியம் கெடக் கூடாது. 1829இல் தோளில் துணி போடாதே என்று எழுதினார்கள். 190 வருஷம் கழித்துத் தோளில் துணி போடு என்று எழுதுகிறார்கள். எழுதுகிற கை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இவ்வளவும் எனக்கு எங்கே கிடைத்தது? பாதி, பரணில். என் அக்கா மகன் 2015இல் ஒன்பதாம் வகுப்புப் படித்த மத்திய பாடத்திட்டச் சரித்திரப் புத்தகம் அங்கே கிடந்தது. உடையின் சமூக வரலாறு என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. அதற்குள், சாதியும் மோதலும் உடை மாற்றமும் என்ற பகுதியில் எங்கள் ஊர்த் தோள்சீலை. பாடத்தில் நாடார்களைப் பற்றி எழுதிய விதம் தவறு, பிழைக்க வந்தவர்கள் போலச் சித்திரித்திருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டுத் தலைவர்கள் கட்சி பேதம் பார்க்காமல் கண்டித்தார்கள். காவிரிக்கே ஒன்றாக நிற்காதவர்கள் இதற்கு நின்றார்கள். வழக்கும் போனது. வாக்கியம் பிழை என்றால் வாக்கியத்தைத் திருத்தலாம். கிழித்தவன் பெயரை இன்னும் அழுத்தமாக எழுதலாம். நடந்தது வேறு. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியையே விடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அத்தியாயத்தையே உருவிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைகிறதாம்.

46 வருஷம் அடிபட்டு, சந்தையில் கிழிபட்டு, மீண்டும் எடுத்துப் போர்த்திக்கொண்ட அந்தத் துணியைக் கடைசியாக உருவியது குண்டாந்தடிக்காரன் இல்லை, பாடப்புத்தகக் கமிட்டி. அந்தப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்றது 1931. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பிள்ளையும் படிக்க வேண்டாம் என்றது நம் காலம். முன்னேற்றம்தான்.

அன்று ராத்திரி நாயக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ‘தோள்சீலை, 1813-1859’ என்று மகள் கையாலேயே எழுதவைத்தேன். தலைப்பாகை ஒன்று, கல்லுமாலை ஒன்று பென்சிலில் போட்டோம். அவளுக்குத் தூக்கம், எனக்கு ஆவேசம்.

சார்ட் திரும்பி வந்தபோது அந்தக் கட்டத்தின் மேல் ஒரு மயில் படம் ஒட்டியிருந்தது. “சிலபஸ்ல இல்லாததுன்னு மிஸ்தான் ஒட்டினாங்க. ஆனா பத்துக்கு ஒன்பது” என்றாள். ஒன்று குறைந்தது பசை வழிந்ததற்காம். வகுப்பில் எல்லார் முன்னாலும் வைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் சார்ட்டை ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிடித்த மணிக்கட்டுகளில் கயிறு, ஆளுக்கொரு நிறம்.

இந்தக் கயிறு சாதிக்கு ஒரு நிறமாகக் கட்டப்படுகிறது, தடுக்க வேண்டும் என்று 2019இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும், பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் சமாதானம் சொன்னார். 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024இல் அவரும் கயிற்றை விலக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

படத்தாளின் கடைசிக் கட்டமான ‘இன்று’வில் சுடிதார் இருக்கிறது, ஜீன்ஸ் இருக்கிறது, ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. கயிறு இல்லை.

போனை மகளிடம் நீட்டி, இது என்ன நிறம் மக்ளே என்று கேட்டேன். நிறத்தைச் சொன்னாள். நான் கேட்காமலே அது யாருடையது என்றும் சொன்னாள். பக்கத்துப் பையனுடையது எது, முதல் பெஞ்சு எது, கடைசி பெஞ்சு எது என்று வரிசையாக ஒப்பித்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரியிலேயே தடுமாறுகிற பிள்ளை, ஒரு நிறம்கூடத் தப்பவில்லை.